இடப்பக்கத்துச் சத்தம்

15-8-94, திங்கள்

இன்றைக்கும் அந்தச் சத்தம். தார்ச்சடக்கை விட்டு ஏழாங்கட்டைத் தோட்டத்துச் செம்மண் பாதையில் இறங்கியதும், இடப்பக்க முன் சக்கரத்துக்குக் கீழே 'டொக்'. வளைவில் ஒரு தடவை, பள்ளிக்கு முன்னால் இருக்கிற பெரிய குழியில் இன்னொரு தடவை. யாரோ அடியில் படுத்துக்கொண்டு முட்டியால் தட்டுகிற மாதிரி.

"என்னம்மா, கல்லு அடிக்குதா?" என்று ராஜம்மா அக்கா கேட்டார். அவரும் என் பள்ளியில்தான் டீச்சர். தினமும் காலையில் மஸ்ஜித் தானா முச்சந்தியில் ஏறிக்கொள்வார்.

"கல்லுன்னா டங்குன்னு கேக்கும்க்கா. இது உள்ளேருந்து வருது."

சாயங்காலம் இவரிடம் சொன்னேன். பசியாறிக்கொண்டே, தலையைத் தூக்காமல், "குழிய பார்த்து ஓட்டு. அப்சோபர் போன வருசம்தானே மாத்தினோம்," என்றார். என் வீட்டுக்காரருக்குக் காரின் அடியில் குலுக்கலைத் தாங்குகிறது, சக்கரத்தைப் பிடிக்கிறது எல்லாமே அப்சோபர்தான். அப்சோபர் மாற்றியாயிற்று என்றால் அடியில் இருப்பது எல்லாம் புதுசு என்று அர்த்தம். அதற்கு மேல் பேச்சு கிடையாது.

இவருக்குச் சுங்கை ஊடாங் எண்ணெய் ஆலையில் வேலை. கம்பெனி பஸ் வந்து ஏற்றிக்கொண்டு போய்விடும். அதனால் வார நாளில் கார் என் கையில், சனி ஞாயிறு அவர் கையில். சத்தம் வார நாளில் மட்டும் வருகிறது. ஆகவே தப்பு யார் மேல் என்று அவர் முடிவு கட்டிவிட்டார்.

20-8-94, சனி

மார்க்கெட்டுக்குப் போகும்போது அவரே ஓட்டினார். ரேடியோவை நான் அணைத்தேன், அவர் மறுபடி போட்டார், நான் மறுபடி அணைத்தேன். மஸ்ஜித் தானா வரைக்கும் போனோம். அங்கிருந்து எனக்காக மலாய்க்காரர் குடியிருக்கிற ஒரு கம்பத்துப் பாதையில் வேறு திருப்பினார். ஒன்றும் கேட்கவில்லை. எனக்கே வெட்கமாகப் போய்விட்டது.

"கேட்டியா? பட்டு மாதிரி ஓடுது."

விடவில்லை நான். போமன் கடைக்குக் கூட்டிப் போனேன். போமன் சீனக் கிழவர், எங்கள் காரைப் பல வருசமாகப் பழுது பார்க்கிற மெக்கானிக். ஜாக்கி வைத்துத் தூக்கி, சக்கரத்தை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டினார். ஒரு கம்பியை உள்ளே விட்டு நெம்பினார். அப்புறம் கையைத் துடைத்துக்கொண்டே, பால் ஜாயிண்ட் கொஞ்சம் லூஸ், மாசே போலே ஜாலான் லா, என்றார். இன்னும் ஓடலாமாம். மாற்றுவதென்றால் சாமான் மலாக்கா டவுனிலிருந்து வர வேண்டும், காரை ஒரு நாள் விட்டுவிட்டுப் போக வேண்டும்.

காரில் ஏறியதும் இவர் எனக்கு மொழிபெயர்க்கிறார்: "ஒன்னும் இல்லையாம்."

"எனக்கும் மலாய் தெரியும். லூசுன்னாரு."

"எல்லாப் பழைய காடியும் லூசுதான். எனக்கே முட்டி லூசுதான். ஆட்டிப் பார்த்தா தெரியும்."

சக்கரத்தைச் சட்டத்தோடு பிடித்து வைத்திருக்கிற முட்டிதான் அந்தப் பால் ஜாயிண்ட் என்று போமன் கடையிலேயே எனக்குக் காட்டினார். அது கழன்றால் சக்கரம் என்ன ஆகும் என்று கேட்டேன். கையை ஒரு பக்கம் சாய்த்துக் காட்டினார், அவ்வளவுதான்.

இவரால் இப்போது மாற்ற முடியாதாம். அடுத்த மாதம் ஆலையை மூடிப் பராமரிப்பு வேலை, ஒருவருக்கும் லீவு கிடையாது, ஞாயிறு மட்டும்தான் வீடு. ஞாயிறன்று போமன் கடை திறப்பதில்லை. தீபாவளிக்கு லீவு எடுக்கும்போது பக்கத்தில் நின்று மாற்றுவாராம். நான் போய் நிற்கிறேன் என்றேன். "பொம்பளை நின்னா கண்ட சாமானையும் மாட்டி விட்டுருவான்," என்கிறார். இத்தனை வருசமாக அந்தக் கிழவர் எதை மாட்டி விட்டார்?

23-8-94, செவ்வாய்

இன்று சத்தமே இல்லை. ராஜம்மா அக்கா லீவு. தனியாகப் போய் வந்தேன். நிம்மதி.

29-8-94, திங்கள்



தோட்டத்து வளைவில் செம்பனைக் குலை ஏற்றிய லாரி எதிரே வந்தது. பிரேக்கை அழுத்தினேன். 'டொக்' என்றது, ஸ்டியரிங் என் கையைவிட்டு இடப்பக்கம் இழுத்துக்கொண்டு போனது. கால்வாய் ஓரப் புல்லில் போய் நின்றோம். லாரிக்காரன் ஹார்ன் அடித்துக்கொண்டே போய்விட்டான். அக்கா ஜன்னல் மேல் கைப்பிடியைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தார். ஆத்தா ஆத்தா என்று அவர் வாய் முணுமுணுத்தது.

அதே நாளில்தானா பெரிய வாத்தியாருக்கு அது ஞாபகம் வர வேண்டும். தலைமையாசிரியர் நாகமுத்து சார் எங்களைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு அரசாங்கப் பரீட்சை இந்த வருசம் மஸ்ஜித் தானாப் பக்கத்துப் பெரிய பள்ளியில். அக்டோபர் நாலு. அவர் காரில் பையன்கள், என் காரில் பின்னால் நாலு பெண் பிள்ளைகள், முன்னால் துணைக்கு ராஜம்மா டீச்சர். தோட்டத்து லாரியில் பிள்ளைகளை ஏற்றக்கூடாது என்று மேனேஜர் உத்தரவாம்.

"சார், என் காடி கொஞ்சம்..." என்று ஆரம்பித்தேன்.

"ஒங்க காடிக்கு என்ன டீச்சர், நல்ல காடிதானே. ஒங்க வீட்டுக்காரரு பரமேஸ்வரன் நல்லா வச்சிருப்பாரு."

பரமேஸ்வரன் நல்லாத்தான் வச்சிருக்காரு. மேலே மெழுகு போட்டுத் துடைச்சு, கண்ணாடியில சாமிப் படம் ஒட்டி. கீழ என்ன இருக்குன்னு யாரு பார்த்தா?

2-9-94, வெள்ளி

கண்டுபிடித்துவிட்டேன். கண்டுபிடிக்காமலே இருந்திருக்கலாம் என்று இருக்கிறது.

காலையில் பள்ளி முன் குழியில் 'டொக்'. அக்கா வாசலில் இறங்கிக்கொண்டார். நான் காரைத் திருப்பி நிறுத்த அதே குழியில் இறங்கி ஏறினேன். சத்தம் இல்லை. பின்னால் எடுத்து மறுபடி இறங்கினேன். இல்லை. போன வாரம் அக்கா லீவு போட்ட அன்றும் இல்லை.

அக்காவுக்குப் பெரிய உடம்பு. அவர் இடப்பக்கம் உட்கார்ந்து, வளைவு வந்தால் கைப்பிடியைப் பிடித்துக் கதவுப் பக்கம் சாய்ந்துகொள்வார். அந்தக் கனம் அந்த மூலையில் இறங்கும்போதுதான் அந்த லூஸ் முட்டி தட்டுகிறது.

இவர் ஓட்டும்போது ஏன் கேட்கவில்லை? இது பிடிபடத்தான் பகல் முழுக்க ஆயிற்று. அக்காவை எத்தனையோ ஞாயிறு கோயிலுக்குக் கூட்டிப் போயிருக்கிறோம். ஒரு நாளாவது முன்னால் உட்கார்ந்திருக்கிறாரா? மாட்டார். ஆம்பளை ஓட்டினால் அவர் பின் கதவைத்தான் திறப்பார். ஒருமுறை மழையில், நான் இல்லாதபோது, இவர் அவரை முச்சந்தியிலிருந்து ஏற்றி வந்தார். முன் சீட் காலியாக இருக்க, நனைந்த சேலையோடு பின்னால் ஏறி உட்கார்ந்து வந்தாராம். கல்யாணம் கட்டாத பொம்பளை அடுத்தவள் புருசன் பக்கத்தில் உட்கார்ந்து வந்தால் சும்மா விடுவார்களா? நாங்கள் எல்லோரும் அப்படித்தான் உட்காருவோம். யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை.

முன்னால் உட்காருவது நான். என் கனத்துக்கு அந்தச் சக்கரம் கண்ணைக்கூடத் திறக்காது.

ஆக, சத்தம் இருக்கிறது. இவர் காதுக்கு மட்டும் அது வரவே முடியாது.

4-9-94, ஞாயிறு

என்ன காரியம் நடந்துபோச்சு. என் வாயைத் தைக்கணும். இவர் வாயைத் தைக்கணும் முதல்ல.

சாப்பிட்டதும் விஷயத்தைச் சொன்னேன், வாசலில் காரைத் துடைத்துக்கொண்டிருந்தார். மெதுவாகத்தான் சொன்னேன். அவர் துணியைப் போட்டுவிட்டுச் சிரிக்கிறார், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார். "அப்ப பால் ஜாயிண்ட்ட ஏன் மாத்தணும்? டீச்சரை மாத்து. சரக்கு லாரியில ஏத்தி அனுப்பு." பக்கத்து வீட்டுக்குக் கேட்கிற சத்தத்தில்.

நான் கேட்டுக்கு முதுகு காட்டி நின்றேன். இவர் முகம் மாறியதைப் பார்த்துத்தான் திரும்பினேன். கேட்டுக்கு வெளியே ராஜம்மா அக்கா. கையில் மூடி போட்ட பாத்திரம். பணியாரம் கொண்டு வந்திருக்கிறார், நான் போன வாரம் கேட்டேன் என்று. பாத்திரத்தைக் கேட் தூணின் மேல் வைத்தார். வைத்த சத்தம்கூடக் கேட்கவில்லை. பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடந்துவிட்டார்.

அக்கா, அக்கா என்று கூப்பிட்டுக்கொண்டு ஓடினேன். திரும்பவில்லை.

இவர், "தமாசுதானே பண்ணேன்," என்கிறார். பணியாரத்தை எடுத்து ஒன்றை வாயில் போட்டும் கொண்டார். பாத்திரத்தைப் பிடுங்கி உள்ளே வைத்தேன். நான் சாப்பிடவில்லை. எப்படிச் சாப்பிட?

5-9-94, திங்கள்

அக்கா முச்சந்தியில் இல்லை. பஸ்ஸில் போய், முனையில் இறங்கி, அந்தச் செம்மண்ணில் நடந்து வந்திருக்கிறார். ஆசிரியர் அறையில் "வணக்கம் டீச்சர்" என்றார் எனக்கு. டீச்சராம்.

9-9-94, வெள்ளி

வாரம் முழுக்கச் சத்தம் இல்லை. இவருக்கு அதைச் சொல்லாமலே இருந்திருப்பேன். அவரே கேட்டார். இல்லை என்றேன்.

"பார்த்தியா. நான் சொல்லல? எல்லாம் மனசுல இருக்கு."

சத்தம் இல்லைன்னா கோளாறு இல்லைன்னு எந்தப் போமன் சொன்னான் இவருக்கு? தட்டுற ஆளு வாய மூடிக்கிட்டான், அவ்வளவுதான். உள்ளதான் இருக்கான். பரீட்சை அன்னிக்குப் பின்னால நாலு பிள்ளைங்க, முன்னால அக்கா. அன்னிக்குத் தட்டுவான். தட்டுறதோட விடுவானா?

வரும் வழியில் போமன் கடையில் நிறுத்தினேன். மாற்றிக் கொடுங்கள், நான் பொறுப்பு என்றேன். கிழவர் என் பின்னால் எட்டிப் பார்த்தார், இவர் இருக்கிறாரா என்று. கார் யார் பேரில் இருக்கிறதோ அந்த ஆளைக் கேட்டுவிட்டு வா என்றார், மரியாதையாகத்தான். போன தடவை மனைவி சொன்னாள் என்று வேறொருத்தர் காரைப் பிரித்துப் போட்டுச் சண்டையாகிவிட்டதாம்.

11-9-94, ஞாயிறு

எனக்கே என் மேல் சந்தேகம் வந்துவிட்டது.

ராஜம்மா அக்காதானே இல்லை, கனம் இருந்தால் போதாதா என்று யோசித்தேன். வீட்டிலிருந்த அரிசி மூட்டை, பக்கத்து வீட்டு மூட்டை, இரண்டையும் முன் சீட்டில் ஏற்றி பெல்ட் போட்டேன். பக்கத்து வீட்டு மங்கை கேட்டாள், "என்னக்கா, அரிசிய எங்க கூட்டிட்டுப் போறீங்க?" இவரைக் கெஞ்சி ஓட்டச் சொன்னேன், தோட்டம் வரைக்கும் போனோம். நான் பின் சீட்டில் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

வளைவில் ஒன்றும் இல்லை. குழியில் ஒன்றும் இல்லை. இவர் வேண்டுமென்றே இன்னொரு தடவை இறக்கினார். இல்லை.

அரிசி மூட்டைக்குக் கைப்பிடியைப் பிடித்துக் கதவுப் பக்கம் சாயத் தெரியாது. வீட்டுக்கு வந்த பிறகுதான் இது தோன்றியது. அதைச் சொன்னால் கேட்கிற நிலையில் அவர் இல்லை. "இன்னொரு தடவ இந்தக் காடி பேச்சு எடுத்தீன்னா பாரு," என்றார். சிரிப்பு இல்லை இந்தத் தடவை. மூட்டையைத் தூக்கி இறக்கும்போது இடுப்பு பிடித்துக்கொண்டதும் என் கணக்கில்தான் சேர்ந்திருக்கும்.

ஒருவேளை எல்லாம் என் மனசில்தானா? அந்த லாரி வந்த அன்று ஸ்டியரிங் இழுத்ததும்?

14-9-94, புதன்

பேசவில்லை. இவரும் பேசவில்லை. சாதம் போட்டேன், சாப்பிட்டார்.

21-9-94, புதன்

ஷாந்தினியின் அம்மா பள்ளிக்கு வந்தாள். செம்பனை உரம் போடுகிற வேலையிலிருந்து நேராக வந்திருக்கிறாள், பூட்ஸைக்கூடக் கழற்றவில்லை. ஷாந்தினிதான் இந்த வருசம் எங்கள் நம்பிக்கை. கணக்கில் அவளை அடிக்க ஆள் இல்லை.

"பரீச்ச அன்னிக்கு ஒங்க காடியிலதானே டீச்சர் போறா? அப்ப எனக்குக் கவல இல்ல. பஸ்சுல அனுப்பவே பயமா இருந்துச்சு."

தலையை ஆட்டினேன். வேறு என்ன சொல்ல? அவள் போன பிறகு கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். பயத்தில்தான் அழுதேன். வேறு பேர் வைக்க ஒன்றும் இல்லை.

23-9-94, வெள்ளி

பள்ளி விட்டதும் நேராக அக்கா வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்தார், உள்ளே வா என்று சொல்லவில்லை. நானே போய் உட்கார்ந்தேன். கழுவிய பாத்திரத்தை மேசையில் வைத்தேன்.

"ஒன் வீட்டுக்காரர் சிரிச்சது பெரிசில்ல," என்றார். "சின்னதுலேருந்து கேட்டுட்டு வரேன், காது மரத்துப்போச்சு. நீ சிரிச்சியா இல்லியான்னுதான் எனக்குத் தெரியல. ஒன் முதுகுதானே தெரிஞ்சிச்சு."

"நான் சிரிக்கலக்கா. சத்தியமா சிரிக்கல."

என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் எழுந்து தேத்தண்ணி கலக்கப் போனார். எனக்கு உயிர் வந்தது.

தேத்தண்ணி குடிக்கும்போது மிச்சத்தையும் கொட்டினேன். லூஸ் முட்டி, அரிசி மூட்டை, பரீட்சை நாள், ஷாந்தினியின் அம்மா. கடைசியாகத்தான் கேட்டேன். நீங்கள் முன்னால் உட்கார வேண்டும், அவர் ஓட்ட வேண்டும், அப்போதுதான் அந்த மனுசன் காதில் விழும்.

கிளாசைக் கீழே வைத்துவிட்டார். "நானா? அவர் பக்கத்துலயா?"

"நான் பின்னால இருப்பேன்க்கா."

"தோட்டத்து லயத்து வீடுங்கள்ல நூறு கண்ணு இருக்கும்மா. இந்த வயசு வரைக்கும் ஒரு சொல்லு கேக்காம வந்துட்டேன்."

நான் வற்புறுத்தவில்லை. எந்த வாயால் வற்புறுத்துவேன்? எழுந்து செருப்பை மாட்டும்போது அவரே பின்னால் வந்தார்.

"நம்ம பிள்ளைங்கதானே. வரேன். ஆனா ஒளிஞ்சிக்கிட்டு வரமாட்டேன். என் வீட்டு வாசல்லேருந்தே முன்னால ஏறுவேன். கண்ணாடிய எல்லாம் எறக்கி வுடச் சொல்லு. ஒளிஞ்சாத்தான் பேசுவாங்க."

24-9-94, சனி

இவர் முடியாது என்கிறார். அந்தம்மா என் பக்கத்தில் உட்கார்ந்து வந்தால் ஆட்கள் என்ன பேசுவார்கள், என்னோடு வேலை செய்பவன் அந்தத் தோட்டத்தில் இருக்கிறான், நாளைக்கு ஆலை முழுக்கப் பேச்சாகிவிடும்.

எனக்குக் கத்தத் தோன்றவில்லை. ஆச்சரியம். அடுப்பை அணைத்துவிட்டு வந்து அவர் எதிரே உட்கார்ந்தேன்.

"ஒரு பொம்பளை முன்னால உக்காந்தா பேசுவாங்க. நாலு பிள்ளைங்க கால்வாயில கெடந்தா என்ன பேசுவாங்க? அதையும் யோசிச்சுச் சொல்லுங்க."

வெளியே போய்விட்டார். வெகுநேரம் கார் பக்கத்தில் நின்றார். வந்து, "நாளைக்கு எத்தன மணிக்குப் போகணும்?" என்று மட்டும் கேட்டார்.

25-9-94, ஞாயிறு

நடந்ததை வரிசையாக எழுத வேண்டும். இல்லாவிட்டால் மனசு அந்த இடத்திலேயே சுற்றிக்கொண்டிருக்கும்.

அக்கா வாசலில் தயாராக நின்றார், நீலச் சேலை, தலையில் பூ. கோயிலுக்குப் போகிற மாதிரியே வந்து, எல்லோரும் பார்க்க முன் கதவைத் திறந்து ஏறினார். நான் பின்னால். இவர் ரோட்டை மட்டும் பார்த்து ஓட்டினார். கழுத்து விறைத்துப்போயிருந்தது. தாலிகட்டும்போதுகூட இப்படி உட்கார்ந்திருக்கமாட்டார்.

தோட்டத்துக்குள் நுழைந்ததும் கடை வாசலில் கடைக்காரர் இருளாண்டி அண்ணன் நாற்காலியை விட்டு எழுந்தே நின்று பார்த்தார். அக்கா ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார்.

"என்ன அண்ணே, நல்லா பார்த்துக்குங்க. காடியில என்னமோ சத்தம் கேக்குதாம். கனத்த ஏத்திப் பாக்குறோம்."

அவர் சிரித்துவிட்டார், கடையில் இருந்தவர்களும் சிரித்தார்கள், அக்காவும் சிரித்தார். அக்கா அதைத் தன் வாயாலேயே சொன்னதுதான் எனக்குத் தாங்கவில்லை. முன்னால் இவர் காது மடல் சிவந்து போனதைப் பார்த்தேன்.

வளைவு வந்தது. அக்கா கைப்பிடியைப் பிடித்துச் சாய்ந்தார்.

டொக்.

இவர் வேகத்தைக் குறைத்தார். பள்ளி முன் குழி வரைக்கும் போனார். டொக். திரும்பி வந்து இறக்கினார். டொக், கூடவே ஸ்டியரிங் அவர் கையில் துள்ளியது, நான் பின்னாலிருந்தே பார்த்தேன். வண்டியை நிறுத்தினார்.

"நான் எறங்கட்டுமா?" என்றார் அக்கா.

"இல்லக்கா. ஒக்காருங்க. அந்தப் பக்கம் கொஞ்சம் சாஞ்சுக் குடுங்க."

அக்கா என்று அவர் கூப்பிட்டது இதுதான் முதல் தடவை. இத்தனை வருசமும் டீச்சர்தான். இறங்கிப் போய், கோயிலுக்குப் போடுகிற வெள்ளைச் சட்டையோடு செம்மண்ணில் படுத்துவிட்டார். அக்கா சாய்ந்தார், நிமிர்ந்தார், சாய்ந்தார். இவர் எழுந்து வந்தபோது முகத்தில் ரத்தம் இல்லை.

"ரெண்டு பேரும் எறங்குங்க. நான் மட்டும் மெதுவா போமன் வீட்டுக்கு ஓட்டிட்டுப் போறேன். நீங்க வர வேணாம்."

வேண்டாம், இங்கேயே விட்டுவிடுவோம் என்றேன். தார்ச்சடக்கு வரைக்காவது கொண்டுபோனால்தான் இழுக்கிற வண்டி வர வசதி என்றார். கேட்கவில்லை. கார் செம்பனைகளுக்கு நடுவே நத்தை மாதிரி போய் மறைந்தது. நானும் அக்காவும் பள்ளிப் படியில் உட்கார்ந்திருந்தோம். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். போய்ச் சேர்ந்திருப்பாரா, முனையைத் தாண்டியிருப்பாரா, எதிரே லாரி வந்தால்? ஞாயிற்றுக்கிழமை லாரி ஓடாது என்றார் அக்கா. அதையே மறுபடி மறுபடி சொன்னார்.

இருளாண்டி அண்ணன் மோட்டார் சைக்கிளில் வந்தார். தூரத்திலிருந்தே கையை ஆட்டினார், பயப்படாதீங்க என்கிற மாதிரி. அந்தக் கையைப் பார்த்துத்தான் எனக்குப் பயமே வந்தது.

"டீச்சர், ஒங்க காடி வளைவுல மண்டி போட்டு நிக்குது. அவருக்கு ஒன்னும் இல்ல, கீறல்கூட இல்ல."

ஓடினேன். லாரி வந்த அதே வளைவு. இடப்பக்கச் சக்கரம் உள்பக்கமாக மடிந்து, கார் மூக்கு மண்ணில் குத்தி நின்றது. இன்னும் ஒரு முழம் போயிருந்தால் கால்வாய். நடக்கிற வேகத்தில் போனதால் நின்றது என்றார்கள் சுற்றி நின்றவர்கள். இவர் கால்வாய்க் கட்டையில் உட்கார்ந்திருந்தார். சட்டை முதுகு முழுக்கச் செம்மண்.

இந்த நாளுக்கென்று எத்தனை பேச்சு சேர்த்து வைத்திருந்தேன். குளிக்கும்போது, சமைக்கும்போது எல்லாம் சொல்லிப் பார்த்த பேச்சு. அதை எல்லாம் விட்டேன். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"பிள்ளைங்கள..." என்றார். என் சேலைத் தலைப்பை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். எத்தனை பேர் சுற்றி நின்றார்கள் என்றுகூடப் பார்க்கவில்லை.

27-9-94, செவ்வாய்

இவர் ஆலையில் சண்டை போட்டு லீவு எடுத்துக்கொண்டு போமன் கடையிலேயே நேற்றும் இன்றும். இரண்டு பக்க முட்டியும் புதுசு. போமன் கிழவருக்கும் மனசு சரியில்லை. கனம் ஏற்றிப் பார்க்கவில்லையே என்று என்னிடம் வந்து சொன்னார்.

திரும்பும் வழியில் அக்கா வீட்டில் இறங்கி இவர் மட்டும் உள்ளே போனார். நான் காரிலேயே இருந்தேன். என்ன பேசினாரோ தெரியாது. திரும்பி வரும்போது கையில் ஒரு பொட்டலம், பணியாரம். என் மடியில் வைத்தார், அவர் எடுக்கவில்லை.

4-10-94, செவ்வாய்

பிள்ளைகளைக் கொண்டுபோய்க் கொண்டுவந்தாயிற்று. அக்கா முன்னால். வளைவில் நாங்கள் இரண்டு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டோம். ஒன்றும் இல்லை. ஷாந்தினி போகும்போது வாந்தி எடுத்தாள், கணக்கு சுலபம் என்று வரும்போது சொன்னாள்.

6-11-94, ஞாயிறு

தீபாவளிப் பலகாரம் இன்னும் தீரவில்லை. நேற்று சுங்கை ரம்பாயில் சின்ன மாமா வீட்டுக்குப் போய் வந்தோம், அக்காவையும் கூட்டிக்கொண்டு. திரும்பும்போது இவர்தான் ஓட்டினார். அக்கா முன் கதவைத் திறந்து உட்கார்ந்தார். யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. நான் பின்னால் காலை நீட்டிப் படுத்துத் தூங்கிவிட்டேன்.

இன்று காலை கடைக்குப் போய்விட்டு வந்து, "பின்னாடி என்னமோ கிறீச்சுன்னு கேக்குது," என்றேன். சொன்ன பிறகுதான் பயந்தேன், ஏன் வாயைத் திறந்தோம் என்று. இவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கி, "அப்சோபரா இருக்..." என்று ஆரம்பித்தார். பாதியில் நிறுத்திவிட்டார். பேப்பரை மடித்தார். ஆணியில் தொங்கிய சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டார்.

"வா, நீ ஓட்டு. நான் பின்னால ஒக்காந்து கேக்குறேன்."

வெளியே போய்ப் பின் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, "எந்தப் பக்கம் ஒக்காரட்டும்?" என்று கேட்டார்.